டப்பாவில் நான்கு போல்ட்

பைன் க்ரீக் சாலை, வடக்கு மிச்சிகன்
ஏப்ரல் 21, 2024

அன்புத் தங்கை லோர்னாவுக்கு,

நீயும் மாப்பிள்ளை ஜீனும் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். டயாலிசிஸ் ஒரு நாள் தள்ளிப்போனதில் ஜீனுக்குக் கால் வீங்கியிருந்ததே, வடிந்துவிட்டதா? எனக்கு வழக்கம்போல இரண்டு காதும் கேட்கவில்லை, மற்றதெல்லாம் ஓடுகிறது.

ஜனவரியில் செத்தவளை ஏப்ரலில் புதைக்கிற ஊர் நம்முடையது. பனியில் உறைந்த மண் இளகுகிற வரைக்கும் மூன்று மாதம் உன் அண்ணி பெவ் கல்லறைத் தோட்டத்துக் கல் அறையில் காத்துக் கிடந்தாள். பெட்ரோல் பங்கில் முன்னால் இரண்டு வண்டி நின்றாலே முணுமுணுக்கிறவள். என்னை எவ்வளவு திட்டியிருப்பாள்!

சர்ச் கீழ்த்தளத்துச் சாப்பாட்டில் நான் கத்தியதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்லிப் பக்கத்து வீட்டு ரன்டலாவின் மனைவி சீட்டு எழுதிக் காட்டினாள். கத்தியதற்குக் கேட்டுக்கொள்கிறேன். சொன்னதற்குக் கேட்கமாட்டேன். நான் எவ்வளவு சத்தமாகப் பேசுகிறேன் என்று எனக்கே தெரியாது. பாதிரியார் கையில் உருளைக்கிழங்குத் தட்டோடு திரும்பிப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

ஆனால் ஆரம்பித்தது நீ. உன் பள்ளிக்கூடத்து டீச்சர்களோடு பஸ் ஏறித் தலைநகருக்குப் போய்ப் பதாகை பிடித்த கதையை பெவ்வைப் புதைத்த அன்றைக்கா சொல்ல வேண்டும்? "அது உயிரக் காப்பாத்துற சட்டம்ணா" என்றாய். எது? குடும்பத்தில் ஒருத்தர் கோர்ட்டில் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால், இன்னொருத்தர் வீட்டுத் துப்பாக்கிகளை எல்லாம் ஷெரிப் ஆட்கள் வந்து ஒரு வருஷத்துக்கு அள்ளிக்கொண்டு போவார்கள். அந்த ஆளை ஒரு வார்த்தை கேட்பதற்கு முன்னாலேயே. கோழி திருடியவனைக்கூடக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே போடுகிறார்கள்.

காட்டுக்குள் இன்னும் முட்டிவரை பனி. வடிந்ததும் அடுத்த குளிர்காலத்துக்கு விறகு வெட்ட ஆரம்பிக்க வேண்டும். பத்து லோடு இல்லாமல் இந்த வீடு மார்ச்சைப் பார்க்காது. எங்கள் நாய் டேசி உன் ஒற்றைச் செருப்பைக் கடித்து வைத்திருக்கிறாள். மிச்சத்தை அனுப்பவா?

உன் செவிட்டு அண்ணன்,
டுவேன்

*

லான்சிங் பக்கம்
மே 3, 2024

என் அன்பு அண்ணாவுக்கு,

ஜீனின் கால் வடிந்துவிட்டது, வாய்தான் வீங்கியிருக்கிறது, உப்பில்லாச் சாப்பாட்டைத் திட்டித் திட்டி. எனக்கு முட்டியில் ஆபரேஷன் ஜூலையில். நீ சாப்பிடுகிறாயா? டப்பாவைத் திறந்து நின்றபடி விழுங்குவதைச் சாப்பாடு என்று எழுதாதே.

செருப்பை டேசியே வைத்துக்கொள்ளட்டும்.

அன்றைக்குச் சொல்லியிருக்கக் கூடாதுதான். ஆனால் நீதான், "பாலத்துக்குத் தெக்க போனவளுக்கு இங்க என்ன தெரியும்" என்று எல்லார் முன்னாலும் கேட்டாய். ஏரிப் பாலம் தாண்டித் தெற்கே போனவர்களெல்லாம் உங்கள் ஊருக்குப் பாலத்தடிப் பூதம்தான். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். இருபத்தாறு வருஷம் பள்ளிக்கூட ஆபீஸில் உட்கார்ந்திருந்தேன். எவனாவது துப்பாக்கியோடு வந்தால் முன்கதவைப் பூட்டும் பொத்தான் என் மேசைக்கு அடியில். வருஷத்துக்கு நான்கு தடவை ஒத்திகை. ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள் இருட்டில் சுவரோரம் உட்கார்ந்து மூச்சு விடாமல் இருக்கப் பழகுவார்கள். ஒரு தடவை ஒரு சின்னப் பெண் என்னிடம் வந்து, "நான் தும்மிட்டேன். நெஜமா இருந்தா என்னாலதான் எல்லாரும் செத்திருப்பாங்களா?" என்று கேட்டாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து நான் சமைக்கவில்லை.

நான் உன் துப்பாக்கிகளுக்கு எதிரி இல்லை. பதினோரு வயசில் மான் வேட்டைக் கேம்ப்பில் காப்பி டப்பா வைத்திருந்தது யார்? எல்லாருடைய துப்பாக்கியிலிருந்தும் குண்டை உள்ளே தள்ளிப் பூட்டுகிற போல்ட்டைக் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டுத்தான் பாட்டிலைத் திறக்க வேண்டும் என்பது அப்பா போட்ட சட்டம். போல்ட் இல்லாத ரைபிள் வெறும் கம்பு என்பார். குடிக்காதவள் நான் ஒருத்திதான் என்பதால் டப்பா என் மடியில். ஆறடி ஆட்கள் காலையில் என்னிடம் வரிசையில் நின்று, "ப்ளீஸ் மிஸ்" என்று கேட்டு வாங்கிப் போவார்கள். அப்பாவை யாராவது உரிமையைப் பறித்தவர் என்று சொன்னார்களா?

இந்த நாட்டில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தங்களைத் தாங்களே சுட்டுக்கொள்கிறவர்கள். பஸ்ஸில் போனபோது என் மனசில் இருந்தது அவர்கள்தான்.

விறகு வெட்ட ஆரம்பித்துவிட்டாயா? தனியாக ரம்பம் ஓட்டாதே, ரன்டலாவைக் கூப்பிட்டுக்கொள்.

பாலத்துக்குத் தெற்கே போன பூதம்,
லோர்னா

*

பைன் க்ரீக் சாலை
ஜூன் 9, 2024

அன்புள்ள பூதத்துக்கு,

உன் முட்டிக்கு நல்ல டாக்டர் கிடைத்திருப்பார் என்று நினைக்கிறேன். எனக்கு ஒன்றுமில்லை. கொஞ்சம் தூக்கம் குறைவு, வேறொன்றும் இல்லை. கறுப்பு ஈ இந்த வருஷம் ஆளையே தூக்கிக்கொண்டு போகிறது.

அப்பாவின் டப்பாவையும் உன் சட்டத்தையும் ஒரே தட்டில் வைக்காதே. நாங்களாகக் கழற்றி, நாங்களாகப் போட்டோம். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து எவனும் வந்து பிடுங்கவில்லை. தாத்தா சுரங்கத்தில் வேலை நிறுத்தம் செய்த வருஷம் கம்பெனி அடியாட்கள் கையில் துப்பாக்கி இருந்தது, நம் ஆட்கள் கையில் மண்வெட்டி இருந்தது. அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவள் நீயும்தான். யாரிடம் துப்பாக்கி இருக்கலாம் என்று தாளில் எழுதுகிற அதிகாரம் எப்போதும் கம்பெனி பக்கம்தான் போய்ச் சேரும்.

இன்னொன்று. இங்கே ஷெரிப்பைக் கூப்பிட்டால் வந்து சேர நாற்பது நிமிஷம், பனி பெய்தால் நாளை. நான் இரவு ஷிப்டில் இருந்த வருஷங்களில் பெவ் தனியாக இருந்தது எதை நம்பி?

அந்தச் சின்னப் பெண் தும்மினதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய் உட்கார்ந்திருந்தேன்.

டேசியை ரன்டலா வீட்டில் விட்டிருக்கிறேன். அவளுக்கு அங்கே விளையாட ஆள் இருக்கிறது. படகை ட்ராய் பெல்டியருக்குக் கொடுத்துவிட்டேன். ஷெரிப் ஆபீஸில் டெபுடியாக இருக்கிறானே, நம் கேம்ப் ட்ராய், அவனேதான். நன்றி சொல்லத் தெரியாமல் தொப்பியைச் சுற்றிக்கொண்டே நின்றான்.

டுவேன்

*

லான்சிங் பக்கம்
ஜூன் 15, 2024

என் அன்பு அண்ணாவுக்கு,

இங்கே நாங்கள் இருவரும் சுகம். உன் தூக்கத்தைப் பற்றி டாக்டரிடம் சொன்னாயா?

டேசியை ஏன் கொடுத்தாய்? பெவ்வின் கட்டிலில் கால்மாட்டில் படுத்திருந்த நாய் அது. படகு போனால் போகட்டும், நீ எப்போதுமே அதில் மீன் பிடித்ததைவிடத் தூங்கினதுதான் அதிகம். நாய் எப்படி?

இங்கே வந்து ஒரு மாதம் இரு. மேல் அறை சும்மாதான் கிடக்கிறது. நானே வந்து அழைத்துப் போவேன், ஆனால் வாரத்துக்கு மூன்று நாள் ஜீனை ஊசி குத்துகிற நாற்காலியில் உட்கார வைக்க வேண்டியிருக்கிறது, ஒன்பது மணி நேரம் வண்டி ஓட்ட இந்த முட்டியும் விடாது.

விறகைப் பற்றி நீ எழுதவே இல்லை. இந்நேரம் பாதி வெட்டியிருப்பாயே.

லோர்னா

*

பைன் க்ரீக் சாலை
ஆகஸ்ட் 4, 2024

அன்புத் தங்கைக்கு,

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று ஜீன் எழுதியிருந்தார். சந்தோஷம். நான் சுகமாக இருக்கிறேன்.

பதில் போட நாளாகிவிட்டது, வீட்டை ஒழுங்கு பண்ணிக்கொண்டிருந்தேன். அம்மாவின் சவுனா மர வாளியும் கரண்டியும் தனிப் பார்சலில் வருகின்றன. நீராவி அறையில் தண்ணீர் ஊற்ற நீயும் நானும் அடித்துக்கொண்ட வாளி. நீயே வைத்துக்கொள். பெவ்வின் மெத்தைவிரிப்புகள் இரண்டும் அதில் இருக்கின்றன.

கேம்ப்பைக் கூட்டிப் பெருக்கி எலிப்பொறி வைத்தாயிற்று. சாவி கொட்டகையில் இரண்டாவது ஆணியில். நவம்பர் பதினைந்துக்கு மான் சீசன் திறக்கும்போது ட்ராய் நடத்திக்கொள்ளட்டும். நான் இந்த வருஷம் லைசென்ஸ் வாங்கவில்லை.

நாம் சண்டை போட்டதை எல்லாம் மனசில் வைத்துக்கொள்ளாதே. நீ நல்ல தங்கைதான்.

டுவேன்

*

லான்சிங் பக்கம்
ஆகஸ்ட் 10, 2024

அண்ணா,

உடம்பு விசாரிப்பெல்லாம் பிறகு.

உன் கடிதத்தை ஏழு தடவை படித்தேன். நாற்பத்தெட்டு வருஷமாக ஒரு மான் சீசனும் தவறவிடாதவன் லைசென்ஸ் வாங்கவில்லை. அந்த வாளியைக் கேட்டதற்கு என் தலைமுடியைப் பிடித்து இழுத்தவன் அதைத் தபாலில் அனுப்புகிறான். நான் நல்ல தங்கை என்று நீ என் கல்யாணத்தில்கூடச் சொன்னதில்லை. இரண்டு கடிதமாக விறகைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆகஸ்டில் விறகு இல்லாதவன் ஜனவரியில் எங்கே இருப்பதாக நினைக்கிறான்?

ட்ராய்க்குப் போன் பண்ணினேன். "அவரு நல்லாத்தான் இருக்காரு லோர்னா. போன வாரம்கூட என்னைக் கிண்டல் பண்ணினாரு. படகெல்லாம் குடுத்தாரு" என்றான். ஆம்பளைகளுக்குப் படகு கிடைத்தால் போதும், கண் தெரியாது.

நேராகவே கேட்கிறேன். செத்துப்போக யோசிக்கிறாயா?

ஆம் என்றாலும் இல்லை என்றாலும் எழுது. அதற்கு முன்னால் ஒன்று செய். அப்பாவின் டப்பாவை எடு. போல்ட் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டு எனக்கு அனுப்பு. துப்பாக்கிகள் உன் சுவரிலேயே இருக்கட்டும், உன் உரிமை உன்னிடமே இருக்கட்டும். குடித்தவன் மட்டுமா நிதானம் இழக்கிறான்? நானும் ஜீனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன், எனக்கே சில நாள் என்னை நம்ப முடிவதில்லை.

இரண்டு வாரம் பார்ப்பேன் அண்ணா. எனக்குப் பயமாக இருக்கிறது.

லோர்னா

*

பைன் க்ரீக் சாலை
ஆகஸ்ட் 24, 2024, சனிக்கிழமை

லோர்னாவுக்கு,

உன் முட்டி தேவலையா? எனக்கு ஒன்றுமில்லை.

டப்பா இதோடு வருகிறது. நான்கு ரைபிள், நான்கு போல்ட். எண்ணிப் பார்த்துக்கொள். இனி நிம்மதியாகத் தூங்கு, என்னையும் விடு.

டுவேன்

*

லான்சிங் பக்கம்
ஆகஸ்ட் 28, 2024, புதன்கிழமை

அண்ணா,

இன்றைக்கு மத்தியானம் தபால்காரர் டப்பாவைக் கொடுத்தார். சமையலறை மேசையில் வைத்துவிட்டு அழுதேன். ஜீன் பயந்துபோய், "டுவேனா?" என்று கேட்டார். இல்லை, டப்பாதான் என்றேன்.

நீ எனக்காக இதைச் செய்தாய். நான் கேட்டதும் செய்தாய். அதனால்தான் இதை எழுத என் கை வரவில்லை.

நான் கொடுத்த இரண்டு வாரம் சனிக்கிழமையோடு முடிந்தது. அன்றைக்குத்தான் நீ பார்சலைப் போட்டிருக்கிறாய், எனக்கு எப்படித் தெரியும்? திங்கட்கிழமை காலை கோர்ட்டுக்குப் போய் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டேன். ஜட்ஜ் அன்றைக்கே உத்தரவு போட்டுவிட்டார். நேற்று அவர்கள் உன் வீட்டுக்கு வந்திருப்பார்கள்.

எத்தனை துப்பாக்கி என்று ஒரு கட்டம் இருந்தது. ஐந்து என்று எழுதினேன்.

போன வருஷம் பெவ் தன் ரிவால்வரை எனக்குக் காட்டினாள். சமையலறையில் மாவு டிராயருக்கு அடியில். "டுவேனுக்கு இது எங்க இருக்குன்னு தெரியும், ஆனா நெனப்பு வராது. நான் போனப்புறம் நெனப்பு வரும்" என்றாள். கீமோ முடிந்து தலையில் துண்டு கட்டியிருந்தாள். உன்னைப் பார்த்துக்கொள்ளும்படி என்னிடம் சொன்னாள். பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

நீ நான்கு அனுப்பியிருக்கிறாய்.

என்னைத் திட்டு. ஆனால் எழுது.

லோர்னா

*

பைன் க்ரீக் சாலை
செப்டம்பர் 1, 2024

லோர்னா,

என் நலத்தை நீ கேட்கத் தேவையில்லை. கோர்ட்டைக் கேட்டுத் தெரிந்துகொள்.

செவ்வாய்க்கிழமை வந்தது யார் தெரியுமா? ட்ராய். முதல் வருஷம் கேம்ப்பில் மானைக் குறி தவறவிட்டதற்கு வழக்கப்படி அவன் சட்டை வாலைக் கத்தரித்து நான் சுவரில் ஆணியடித்தேன். அந்த ட்ராய் யூனிபார்மில், கூட புதிதாகச் சேர்ந்த ஒரு டெபுடிப் பொண்ணோடு, என் வாசலில் நிற்கிறான். நான் கேட்பதற்காக ஊருக்கே கேட்கும்படி அந்த உத்தரவைக் கத்திக் கத்திப் படித்தான். ரன்டலா வீட்டு வேலியில் எல்லாரும் நின்றார்கள். டேசியும்.

சுவரிலிருந்து ரைபிளை எடுத்துத் திறந்து பார்த்தான். "போல்ட் எங்க டுவேன்?"

"என் தங்கச்சிகிட்ட அனுப்பிட்டேன். அவதான் உன்ன அனுப்பினாளா?"

அவன் முகம் செத்துப்போனது. நான்கையும் பார்த்தான். எல்லாம் கம்பு. "அப்ப இது எதுக்கு..." என்று தாளைத் திருப்பிப் பார்த்தான். பிறகு, "அஞ்சுன்னு போட்டிருக்கு டுவேன்."

அந்தப் பொண்ணு தாளில் எழுதியிருந்தபடி சமையலறைக்குப் போய் மாவு டிராயரைத் திறந்தது. அங்கே இல்லை. ட்ராய் படுக்கை அறைக்குப் போனான். ரொம்ப நேரம் வரவில்லை. வரும்போது துண்டில் சுற்றி எடுத்துவந்தான். குண்டுகளைத் தனியாகச் சட்டைப்பையில் போட்டான்.

போகும்போது விறகுக் கொட்டகையைப் பார்த்தான். "காலியா இருக்கே" என்றான். வண்டியில் போய் உட்கார்ந்துகொண்டான்.

நீ கேட்டாய், கொடுத்தேன். அதன்பிறகும் ஷெரிப்பை அனுப்பினாய். என்னை என் வாசலில், என் ஆள் கையால் அவமானப்படுத்தினாய். இனி எனக்குக் கடிதம் போடாதே.

டுவேன் கோஸ்கெலா

*

லான்சிங் பக்கம்
நவம்பர் 15, 2024

என் அன்பு அண்ணாவுக்கு,

போடாதே என்றாய், போடுகிறேன். இன்றைக்கு மான் சீசன் திறக்கிற நாள். உங்கள் ஊரில் பள்ளிக்கூடம்கூட லீவு. நீ என்ன செய்துகொண்டிருப்பாய் என்று காலையிலிருந்து யோசிக்கிறேன். ஜீன் சுமார். என் முட்டி மழைக்கு முன்னால் சொல்லிவிடுகிறது.

செப்டம்பர் விசாரணையில் என்னை டிவி திரையில் காட்டினார்கள். எனக்கும் உன்னைத் தெரிந்தது. கல்யாணச் சட்டை போட்டிருந்தாய். நான் வாயைத் திறந்ததும் காது மெஷினைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாய். கல்லாட்டம் உட்கார்ந்திருந்தாய். அதனால் நான் என்ன சொன்னேன் என்று உனக்குத் தெரியாது. எழுதுகிறேன்.

"என் அண்ணன் கெட்டவர் இல்லை, பைத்தியமும் இல்லை. இந்த மாவட்டத்திலேயே துப்பாக்கியை ஜாக்கிரதையாகக் கையாளுகிறவர் அவர். அவர் பெண்டாட்டி செத்துப்போனாள், விறகு வெட்டவில்லை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்." ஜட்ஜ் தெற்கத்திக்காரர் போலிருக்கிறது, விறகுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார். உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ட்ராய்தான் எழுந்து, "அய்யா, எனக்குப் புரியுது" என்றான். ஒரு வருஷம் என்று எழுதினார்கள்.

நீ என்னை வெறுத்துக்கொள். வெறுக்க ஆள் இருந்தால் போதும் எனக்கு.

குளிருக்கு என்ன செய்கிறாய் அண்ணா?

லோர்னா

*

லான்சிங் பக்கம்
ஜனவரி 19, 2025

அண்ணாவுக்கு,

பெவ் போய் இன்றைக்கு ஒரு வருஷம். வாளியை எடுத்துத் துடைத்து வைத்தேன். டப்பா அதற்குப் பக்கத்தில், அலமாரியில். நான் திறக்கவில்லை.

பதில் வேண்டாம். சுகமாக இரு, அது போதும்.

லோர்னா

*

பைன் க்ரீக் சாலை
அக்டோபர் 5, 2025

அன்புத் தங்கை லோர்னாவுக்கு,

ஜீனும் நீயும் எப்படி இருக்கிறீர்கள்? எனக்கு ஏழு கிலோ கூடியிருக்கிறது, எல்லாம் ரன்டலா மனைவி கொடுத்தனுப்பும் கறி அடைத்த பாஸ்டி. புதுக் காது மெஷினும் வாங்கியிருக்கிறேன். ரன்டலா இவ்வளவு மட்டமான ஜோக் சொல்வான் என்பது இப்போதுதான் தெரிகிறது.

உன் கடிதங்கள் எல்லாம் வந்தன. பிரித்துப் படிக்கவில்லை என்று சொல்ல ஆசைதான். படித்தேன்.

போன வாரம் ஷெரிப் ஆபீஸுக்குப் போய்த் துப்பாக்கிகளை வாங்கி வந்தேன். ஜன்னலில் இருந்த பையன் ரைபிள்களைப் பார்த்து, "சார், இதுல போல்ட்டக் காணோமே, நாங்க தொலச்சிட்டமா?" என்று பதறினான். "இல்ல, என் தங்கச்சி வச்சிருக்கா" என்றேன். வெளியே சொல்லும்போது கோபம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை.

போன வருஷம் முதல் பனிக்கு முன்னால் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. துப்பாக்கியை எடுத்துப்போன அடுத்த வாரம் சனிக்கிழமை ட்ராய் விறகு பிளக்கும் மெஷினை இழுத்துக்கொண்டு வந்தான். கேம்ப் ஆட்கள் எல்லாரும் வந்தார்கள். "ஓடிப் போங்கடா" என்று கத்தினேன். எவனும் காதில் வாங்கவில்லை, எல்லாரும் என்னைப் போலவே செவிடாகிவிட்டார்கள். ஒன்பது லோடு அடுக்கிவிட்டுப் போனார்கள். ட்ராய் மட்டும் நின்று, "படகக் குடுத்தப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கணும்" என்றான். அந்த விறகைத் திட்டிக்கொண்டே எரித்தேன். டேசி அந்த அக்டோபரில் தானாகவே திரும்பி வந்துவிட்டாள்.

இப்போது நீ கேட்ட கேள்வி. ஆகஸ்டில் கேட்டாய், ஆம் என்றாலும் இல்லை என்றாலும் எழுது என்று. ஆம்.

நான்கு போல்ட்டை அனுப்பியது உன் வாயை அடைக்க. நீ எண்ணி, சரியாக இருக்கிறது என்று நிம்மதி அடைவாய் என்று கணக்குப் போட்டேன். பெவ்வின் ரிவால்வர் தலையணைக்கு அடியில் இருந்தது. பார்சல் உன் கைக்கு வருகிற நாள் புதன்கிழமை என்று தபால் ஆபீஸில் கேட்டு வைத்திருந்தேன். அதற்குப் பிறகு என்று இருந்தேன். ட்ராய் வந்தது செவ்வாய்க்கிழமை.

நீ டப்பாவை மட்டும் நம்பியிருந்தால், இன்றைக்கு இதை எழுத ஆள் இல்லை. என் தங்கையிடம் அப்பாவின் டப்பாவை வைத்தே பொய் சொன்னேன். அதை நினைத்தால்தான் எனக்கு வெட்கமாக இருக்கிறது, வேலியில் ஆட்கள் நின்றதற்கு இல்லை.

அதற்காக நான் கட்சி மாறிவிட்டேன் என்று பஸ்ஸில் உன் டீச்சர்களிடம் சொல்லாதே. ஒரு மனுஷனைக் கேட்காமல் அவன் வீட்டுக்குள் நுழைகிற சட்டம் தப்பு. இன்றைக்கும் சொல்வேன், நாளைக்கும் சொல்வேன். அப்படிச் சொல்ல நான் இருக்கிறேன் என்பதுதான் எனக்குப் பெரிய சங்கடமாக இருக்கிறது.

நவம்பர் பதினைந்து சனிக்கிழமை வருகிறது. லைசென்ஸ் வாங்கிவிட்டேன். நீயும் ஜீனும் வர வேண்டும். ஊர் ஆஸ்பத்திரியில் அவருக்கு டயாலிசிஸுக்கு இரண்டு வாரம் இடம் கேட்டு எழுதி வாங்கியிருக்கிறேன், செவ்வாய், வியாழன், சனி. அப்பாவின் டப்பாவைக் கொண்டு வா. மற்ற ஆட்களிடமும் சொல்லிவிட்டேன். சாயங்காலம் பாட்டில் திறக்கும்போது டப்பா உன் மடியில்தான், காலையில் எல்லாரும் வரிசையில் நிற்பார்கள். நானும் நிற்பேன். கொடுக்கலாம் என்று உனக்குத் தோன்றினால் கொடு.

இந்தப் பொட்டலத்துக்குள் துணியில் சுற்றி ஒரு இரும்பு உருளை இருக்கும். பெவ்வின் ரிவால்வரில் ஆறு குண்டு போடுகிற உருளை. இது இல்லாமல் அதுவும் கம்புதான். டப்பாவில் போட்டு மூடு. இதை மட்டும் நான் கேட்டாலும் கொடுக்காதே.

இன்னொன்று நீ கேட்டுக்கொண்டே இருந்தாய், நான் பதில் எழுதவில்லை. விறகு வெட்டியாயிற்று, லோர்னா. இருபது லோடு. இரண்டு குளிர்காலத்துக்கு வரும்.

உன் அண்ணன்,
டுவேன்